காற்று மறைவில் ஓடும் கார்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூர் போய்விட்டு டெப்போவுக்குத் திரும்பும் பேருந்தின் பின்பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முன் கண்ணாடி ஓரளவு சுத்தமாக இருக்கும். பக்கவாட்டுத் தகரமும் பரவாயில்லை. பின்கண்ணாடியில் மட்டும் புழுதி அப்பிக்கிடக்கும். பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதிவைத்திருப்பார்கள். வண்டி முன்னோக்கி ஓடுகிறது, புழுதி பின்னால்தானே பறந்துபோக வேண்டும்? அது திரும்பி வந்து வண்டியின் முதுகில் ஏன் ஒட்டுகிறது? இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் முழுவதும் அந்தப் புழுதியில் இருக்கிறது.

நான் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன். வார இறுதிகளில் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் கொடி காட்டும் மார்ஷலாகவும் நின்றிருக்கிறேன். கார்ப் பந்தயத்தில் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று ஒரு சொல் உண்டு. முன்னால் போகும் காரை ஒட்டிப் பின்னால் ஓடினால் வேகம் கூடும் என்பது அதன் சுருக்கமான பொருள். பின்னால் வருபவருக்கு லாபம் என்று எல்லோருக்கும் தெரியும். முன்னால் போகிறவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எனக்கு என்னவோ அந்தப் பாதிதான் அதிகச் சுவையாகப் படுகிறது.

முதலில் பேருந்தை முடித்துவிடுவோம். வேகமாகப் போகும் வண்டி முன்னால் இருக்கும் காற்றை முட்டித் தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று கூரை மேலாகவும் பக்கவாட்டிலும் வழிந்து பின்னால் வருகிறது. ஆனால் வண்டியின் பின்பக்கம் செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் முடிகிறது. ஓடிவந்த காற்றால் அந்த மூலையில் சட்டென்று திரும்பி இடத்தை நிரப்ப முடியாது. அதனால் அங்கே அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. காற்று அதற்குள் சுருண்டு சுழல்கிறது. அந்தச் சுழல்தான் புழுதியைக் கொண்டுவந்து கண்ணாடியில் அப்புகிறது. முன்னால் காற்றின் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு. இரண்டுமாகச் சேர்ந்து வண்டியைப் பின்னுக்குப் பிடித்திழுக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களை மழை மறைவுப் பிரதேசம் என்கிறோம். மலை மழையை வாங்கிக்கொள்கிறது, பின்னால் இருக்கும் ஊருக்குத் தூறல்தான். அதேபோல வண்டிக்குப் பின்னால் இருப்பது ஒரு காற்று மறைவு. முன்வண்டி காற்றை வாங்கிக்கொள்கிறது. போதாததற்குத் தன் பின்னால் இருக்கும் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

கல்லூரி நாட்களில் பொள்ளாச்சி ரோட்டில் சைக்கிளில் போகும்போது, வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று மெதுவாகத் தாண்டிப் போனது. அதன் பின்னால் நானும் மிதித்துச் சேர்ந்துகொண்டேன். காதில் இரைந்துகொண்டிருந்த எதிர்காற்று திடீரென்று நின்றுவிட்டது. வைக்கோல் துரும்புகள் என் முகத்தில் அடிக்காமல், லாரியின் பின்பலகையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. பெடலில் பாரமே இல்லை. லாரி ஒரு பள்ளத்துக்காகப் பிரேக் பிடித்ததும் என் முன்சக்கரம் அதன் பம்பரை உரசியது. விழாமல் தப்பியது என் நல்ல நேரம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் யாரும் சாலையில் இதைச் செய்து பார்க்கவே கூடாது. லாரிக்காரருக்கு நீங்கள் பின்னால் இருப்பதே தெரியாது.

இப்போது பந்தயத்துக்கு வருவோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 300க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், எதிர்ப்போ 2.25 மடங்கு. அதை வெல்ல எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி 3 மடங்குக்கும் மேல். கார் தன் உச்ச வேகத்தை நெருங்கும்போது எஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே போய்விடுகிறது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முன்கார் 300இல் போகிறது. அதன் பின்னால் இழுபடும் காற்றும் 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே திசையில் நகர்கிறது. பின்காரும் 300இல் வருகிறது, ஆனால் அதன் மூக்கு உணர்வது 270 வேகக் காற்றைத்தான். எதிர்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே எஞ்சின், அதே பெட்ரோல், கையில் கூடுதல் சக்தி. அதை வைத்து நெருங்கி வந்து, கடைசி நேரத்தில் சட்டென்று விலகி, சேர்த்துவைத்த வேகத்தோடு தாண்டிப்போகலாம். கவண்கல் மாதிரி. வெளியே வந்ததும் முழுக் காற்றும் முகத்தில் அடிக்கும், வேகம் கரையத் தொடங்கும். அதற்குள் தாண்டி முடித்துவிட வேண்டும்.

இந்தக் கலையைப் பந்தயத்தில் பேர் சொல்லும்படி செய்து காட்டியவர் ஜூனியர் ஜான்சன். அமெரிக்காவின் வட கரோலினாக்காரர். கள்ளச் சாராயம் ஏற்றிய காரைப் போலீசுக்குத் தப்பி மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர், சாராயத் தொழிலுக்காகச் சிறையும் போனவர். 1960இல் ஃப்ளோரிடாவில் நடந்த டேடோனா 500 கார்ப் பந்தயத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு செவர்லே கார். அன்றைக்கு ராஜா போண்டியாக் கார். தனியாக ஓட்டினால் ஜான்சனின் கார் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பயிற்சியின்போது வேகமான ஒரு போண்டியாக்கின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனவர், அதன் வேகத்துக்கே தன் காரும் ஈடுகொடுப்பதைக் கவனித்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தரவில்லை. தன் கால் சொன்னது. ஆக்சிலரேட்டரில் வைத்திருந்த கால்.

பந்தயத்தன்று கிடைத்த போண்டியாக்குகளின் பின்னால் எல்லாம் ஒண்டிக்கொண்டு 200 சுற்றையும் ஓட்டினார். கடைசிச் சுற்றுகளில் முன்னால் இருந்தவர் பாபி ஜான்ஸ். அவருடைய போண்டியாக்கின் பின்கண்ணாடி காற்றில் பிய்த்துக்கொண்டு போக, கார் சுழன்றது. ஜான்சன் ஜெயித்தார். மெதுவான கார் வேகமான கார்களை வென்றது. நான் முன்பு சொன்ன புழுதி படியும் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாதாரண அழுத்தம், வெளியே அழுத்தம் குறைந்த பள்ளம். அந்த வேகத்தில் பின்கண்ணாடி தாங்கிக்கொண்டிருக்கும் பாரம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

சரி, முன்னால் போகும் கார். பின்னால் வருபவர் அதைப் பிடித்து இழுக்கிறார், அதனால் முன்கார் வேகம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். என் மாணவர்களும் ஆண்டுதோறும் இதையேதான் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. பின்கார் நன்றாக ஒட்டி வரும்போது, அதன் மூக்கின் முன்னால் குவியும் காற்று முன்காரின் முதுகுப்புறத்தில் இருக்கும் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்புகிறது. பள்ளம் ஆழம் குறைந்தால் பின்னுக்கு இழுப்பதும் குறைகிறது. ஆக முன்காரும் வேகமெடுக்கிறது. பின்னால் இருப்பவருக்குக் கிடைக்கும் அளவு கிடைக்காது, ஆனால் கிடைக்கும். இரண்டு கார்கள் பம்பரோடு பம்பர் சேர்ந்து ஓடினால், தனித்தனியாக ஓடும் இரண்டையும்விட வேகம்.

காற்றுக்கு அங்கே இரண்டு கார் தெரிவதில்லை, நீளமான ஒரே கார்தான் தெரிகிறது. முட்டித் தள்ளுவது ஒரு மூக்கு, பள்ளம் விழுவது ஒரு முதுகு. செலவை இருவரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

2011ஆம் ஆண்டு டேடோனாவில் இது உச்சத்துக்குப் போனது. ஓடுதளத்துக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். 31 டிகிரி சாய்வான வளைவுகளிலும் பிடிமானம் குறையவில்லை. அதனால் கார்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சுற்று முழுக்க அப்படியே ஓடின. பின்கார்க்காரருக்குச் சாலையே தெரியாது. கண் முன்னால் இருப்பது முன்காரின் பின்பக்கம் மட்டும். ரேடியோவில் கேட்கும் குரலை நம்பித்தான் ஓட்ட வேண்டும். இதில் ஒரு தொல்லை. மறைவில் ஓடும் காரின் ரேடியேட்டருக்கும் காற்று வராதே! எஞ்சின் சூடேறும். சூடு எல்லையைத் தொட்டதும் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும், முன்னவர் பின்னால், பின்னவர் முன்னால். அந்த ஆண்டு ஜெயித்த ட்ரெவர் பெய்னுக்கு முந்தின நாள்தான் 20 வயது நிறைந்திருந்தது. டேடோனா 500ஐ அவ்வளவு இளம் வயதில் அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. இந்த ஜோடி ஓட்டம் ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு கார்களின் குளிரூட்டும் வசதியைக் குறைத்து விதி போட்டார்கள். நீண்ட நேரம் ஒட்டி ஓடினால் எஞ்சின் கொதித்துவிடும் என்றால் யார் ஒட்டி ஓடுவார்கள்?

முன்காருக்கு லாபம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. பின்பக்கம் ஸ்பாய்லர் என்ற தடுப்புப் பலகை இருக்கும். ஓடிவரும் காற்று அதன்மேல் அழுத்தி, பின்சக்கரங்களைத் தரையில் பிடித்துவைக்கும். பின்கார் மிக நெருங்கி வந்தால் அந்தக் காற்றோட்டம் கலைகிறது. நேர்சாலையில் பாதகமில்லை. வளைவில் பின்சக்கரங்கள் இலேசாகி, வால் விலக ஆரம்பிக்கும். தொடாமலே ஒருவரைச் சுழலவிட முடியும். பக்கவாட்டில் வந்து முன்காரின் பின்சக்கரத்துக்கு நேராக மூக்கை வைத்தால், ஒதுங்கும் காற்று அந்த ஸ்பாய்லர்மேல் போய் மோதி முன்காரைப் பின்னுக்குப் பிடிக்கும். அமெரிக்க ஓட்டுநர்கள் இதை ஒரு ஆயுதமாகவே பழகிவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒட்டிவந்த பின்கார் தாண்டுவதற்காக விலகியதும், முன்காருக்கு முதுகில் கிடைத்த ஆதரவு போய்விடுகிறது, பள்ளம் மறுபடி ஆழமாகிறது. விலகியவருக்கும் காற்று முகத்தில் அடிக்கிறது. அப்போது மூன்றாவதாக வந்துகொண்டிருப்பவர் யார் பின்னால் போகிறார் என்பதுதான் தீர்ப்பு. அவர் முன்காரின் பின்னாலேயே நின்றுவிட்டால், விலகிய மனிதர் தனிமரமாகி, வரிசை முழுவதும் தன்னைத் தாண்டிப்போவதைப் பார்த்துக்கொண்டே கடைசிக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கூட்டாளியும் வேண்டும்.

நம்மூரிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். எஸ். கரிவர்தன் கோவையில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர். கரி ஸ்பீட்வேக்கு அவர் பெயர்தான். அங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா கார்களுக்கு இறக்கை கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எஞ்சின். எனவே ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும். நேர்சாலையின் ஓரத்தில் கொடியோடு நின்றால் முதலில் தெரிவது சத்தம். முன்கார் ஒரே சீராக அலறிக்கொண்டு போகும். பின்காரின் சத்தம் ஒரு கணம் இறங்கும், முட்டிவிடக் கூடாது என்று கால் தளர்த்துகிறார். பிறகு ஹெல்மெட் ஒரு பக்கம் சாயும், மூக்கு அரை அடி வெளியே எட்டிப் பார்க்கும், உள்ளே போகும், மறுபடி எட்டும். நான் நின்ற நாட்களில் தாண்டப்போவது யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லப் பழகியிருந்தேன்.

ஃபார்முலா 1இல் கதை வேறு. அந்தக் கார்களின் பலமே இறக்கைகளும் அடித்தளமும் காற்றை வைத்து உண்டாக்கும் கீழ்நோக்கிய அழுத்தம். டவுன்ஃபோர்ஸ் என்பார்கள். அது இருப்பதால்தான் வளைவில் அவ்வளவு வேகம். ஆனால் காற்று மறைவுக்குள் நுழையும் காருக்கு எதிர்ப்பு குறைவதோடு டவுன்ஃபோர்ஸும் குறைகிறது. நேர்சாலையில் வாங்கிய கடனை வளைவில் வட்டியோடு கட்ட வேண்டும். பிடிமானம் போய் முன்சக்கரம் வழுக்கும். வழுக்கினால் டயர் சூடேறும், தேயும். முன்னால் போகிறவருக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. சுத்தமான காற்று அவருக்கு. தன்னைவிட மெதுவான காரின் பின்னால் ஒருவர் பந்தயம் முழுக்க மாட்டிக்கொண்டு தவித்த காட்சிகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

ஃபார்முலா 1 நிர்வாகமே வெளியிட்ட கணக்கு இது. 2021ஆம் ஆண்டுக் கார், முன்காருக்கு 20 மீட்டர் பின்னால் வந்தால் 35 சதவீத டவுன்ஃபோர்ஸை இழந்தது. 10 மீட்டருக்கு வந்தால் 46 சதவீதம், ஏறக்குறைய பாதி! 2022இல் காரின் வடிவத்தையே மாற்றினார்கள். அடித்தளத்தின் கீழே பெரிய காற்றுக் குகைகள் அமைத்து, கலங்கிய காற்றை உயரத் தூக்கி எறியும்படி செய்தார்கள். இழப்பு 20 மீட்டரில் 4 சதவீதமாகவும் 10 மீட்டரில் 18 சதவீதமாகவும் குறையும் என்றார்கள். வளைவில் நெருங்கி ஓட முடிந்தது உண்மை. ஆனால் காற்று மறைவு சிறுத்ததால், நேர்சாலையில் கிடைத்த இழுப்பும் சிறுத்தது. இரண்டும் ஒரே பள்ளத்தின் இரண்டு கரைகள்தானே. 2011இலேயே கொண்டுவந்திருந்த, பின்னிறக்கையைத் திறந்துகொள்ளும் டிஆர்எஸ் ஏற்பாடு அப்புறமும் தேவைப்பட்டது. 2025 வரை, ஒரு விநாடிக்குள் நெருங்கியவர் மட்டும் அதைத் திறந்து காற்றின் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஜான்சன் காலால் உணர்ந்ததை ஒரு பொத்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு.

முன்னால் போக யாருமே விரும்பாத காட்சியும் ஒருமுறை நடந்தது. 2019, இத்தாலியின் மோன்சா. பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்யும் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டம். அங்கே நீண்ட நேர்சாலைகள், எனவே யாராவது ஒருவரின் மறைவு கிடைத்தால் விநாடியில் சில பத்தில் ஒரு பங்கு மிச்சம். எல்லோரும் அடுத்தவர் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, ஊர்வலம்போல ஊர்ந்து வந்தார்கள். பெரும்பாலானோர் கோட்டைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. உலகத்தின் மிக வேகமான கார்கள் சும்மா உருண்டுகொண்டிருந்தன. முந்தைய முயற்சியில் எடுத்த நேரத்தை வைத்தே ஷார்ல் லெக்லெர்க்குக்கு முதலிடம் கிடைத்தது.

அதே மோன்சாவுக்கு இன்னும் கொஞ்சம் முன்னே போவோம். அந்த நாட்களில் வேகத்தைக் குறைக்கும் ஷிகேன் திருப்பங்கள் அங்கே இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மிதித்தபடிதான். 1969இல் ஜாக்கி ஸ்டூவர்ட் ஒரு வேலை செய்தார். கடைசி வளைவான பரபோலிகாவிலிருந்து முடிவுக் கோடு வரை கியர் மாற்றவே வேண்டாதபடி ஒரு கியரின் பல்விகிதத்தை முன்கூட்டியே பொருத்திவைத்தார். கடைசிச் சுற்றில் நான்கு பேர் ஒரே கொத்தாக வந்தார்கள். நான்கு பேருக்கும் இடையே 0.19 விநாடி. யோகன் ரிண்டை ஸ்டூவர்ட் வென்றது 0.08 விநாடியில். கியர் மாற்றும் அந்த ஒரு கணத்தை அவர் பயிற்சி நாட்களிலேயே சம்பாதித்துவிட்டார்.

இரண்டே ஆண்டு கழித்து, 1971 செப்டம்பர் 5. என் மனதுக்கு மிகவும் பிடித்த பந்தயம் இதுதான். ஸ்டூவர்ட்டின் எஞ்சின் பாதி தூரம்கூடத் தாங்கவில்லை. ஃபெராரிகளும் போய்விட்டன. முடிவில் முன்னணியில் மிச்சம் இருந்த ஐந்து பேரில் யாருக்கும் அதுவரை கிராண்ட் பிரீ எனப்படும் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஒரு வெற்றிகூடக் கிடையாது. மொத்தம் 55 சுற்றில் எட்டுப் பேர் முன்னிலையில் இருந்தார்கள். ஒவ்வொரு முறை முன்னால் வந்தவரையும் பின்னால் வந்தவர் மறைவிலிருந்து கிளம்பித் தாண்டினார். இருபது தடவைக்கு மேல் முதலிடம் கைமாறியது. கிறிஸ் ஏமன் வெற்றியை நெருங்கியிருந்தபோது, ஹெல்மெட் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளைக் கிழிக்கப்போக, முழுக் கண்ணாடியும் கையோடு வந்துவிட்டது. 250 கிலோமீட்டர் காற்று வெறும் கண்ணில். மனிதர் பின்தங்கிப்போனார். மோட்டார் சைக்கிளில் உலகச் சாம்பியனான மைக் ஹெயில்வுட்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். 1965க்குப் பிறகு அவருக்கு அதுதான் முதல் ஃபார்முலா 1 பந்தயம்.

பீட்டர் கெத்தின் பிஆர்எம் அணிக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. முன்னணிக் கொத்திலிருந்து பின்தங்கிக் கிடந்தவர், கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். முன்னால் போகிறவர்கள் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டி வேகத்தை இழக்க, அந்தக் கொத்தின் காற்று மறைவு ஒருகட்டத்தில் அவரைத் தொட்டது. அதற்குமேல் அவரைப் பிரிக்க முடியவில்லை.

கடைசிச் சுற்று. பரபோலிகாவுக்கு வருகிறார்கள். இங்கே முதலாவதாக வெளியேறினால் கோட்டுக்கு முன்னால் யாராவது தாண்டிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்னால் இருந்த ரோனி பீட்டர்சனும் பிரான்சுவா செவேரும் தாமதமாகப் பிரேக் பிடித்து, வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனார்கள். உள்பக்கம் திறந்தது. கெத்தின் அதற்குள் மூக்கை நுழைத்தார். இப்போது அவர் முதலாவது, அதாவது மோசமான இடம். பின்னால் பீட்டர்சன் மறைவில் விழுந்து வேகமெடுக்கிறார். எஞ்சின் தாங்குமா என்று பார்க்காமல், சொல்லப்பட்ட எல்லையைத் தாண்டிச் சுழலவிட்டு, கெத்தின் கோட்டை நோக்கி ஓட்டினார். கையை உயர்த்தியபடியே கோட்டைக் கடந்தார்.

பீட்டர்சனுக்கும் அவருக்கும் இடையே 0.01 விநாடி. 250 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் அது இரண்டடிக்குச் சற்று அதிகம். மூன்றாவது செவேர், நான்காவது ஹெயில்வுட், ஐந்தாவது ஹௌடன் கேன்லி. முதல்வருக்கும் ஐந்தாமவருக்கும் நடுவே 0.61 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 242 கிலோமீட்டருக்கு மேல். 2003இல்தான், அதே மோன்சாவில், மைக்கேல் ஷூமாக்கர் அந்தச் சராசரி வேகச் சாதனையை முறியடித்தார். கெத்தினுக்கு வாழ்க்கையில் அது ஒன்றே கிராண்ட் பிரீ வெற்றி.

அடுத்த ஆண்டே மோன்சாவில் ஷிகேன் திருப்பங்களைக் கட்டிவிட்டார்கள். கார்கள் இப்போது அங்கே பிரேக் பிடித்துத்தான் போகின்றன. பரபோலிகாவிலிருந்து கோடு வரையிலான அந்த நேர்சாலை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

வணக்கம்.